காந்தம்: கல்லும் உவமையும்

தமிழில் இன்று காந்தம் என்ற சொல் ஒரு கல்லைக் குறிப்பதைவிட ஒரு குரலைக் குறிக்கவே அதிகம் பயன்படுகிறது. காந்தக் குரல், காந்தப் பார்வை, காந்தச் சிரிப்பு என்று பத்திரிகைக் கதைகளும் சினிமாக் கட்டுரைகளும் இச்சொல்லைத் தேய்த்தே தீர்த்துவிட்டன. நல்ல கவிஞர்களிடமும், கவனம் தளர்ந்த இடங்களில், இது தலைகாட்டுகிறது. அதிகமாக உபயோகித்ததால் தேய்ந்துவிட்டது என்று சொல்லி நாம் இதைக் கடந்துபோகிறோம். எனக்கு இது போதுமான காரணமாகப் படவில்லை. காதலுக்கும் கடவுளுக்கும் கவிதைக்கும் இந்தக் கல் இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக உவமையாக இருந்துவந்திருக்கிறது. அதில் பெரும்பகுதிக் காலம் உவமை உயிரோடுதான் இருந்தது. உபயோகிப்பவன் கல்லைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட பிறகே உவமை தேயத் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தக் கல்லுக்கு மனிதர்கள் என்னென்ன பெயரிட்டார்கள், எதற்கெல்லாம் உவமையாக்கினார்கள், கல் அவற்றுக்கு என்ன பதில் சொன்னது என்று பார்க்க வேண்டும்.

1

காந்தம் என்பது பாதிச் சொல். முழுச் சொல் அயஸ்காந்தம். அயஸ் என்றால் இரும்பு. காந்தம் என்றால் விரும்பப்படுவது. காமம் என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது. கணவனைக் காந்தன் என்றும் மனைவியைக் காந்தை என்றும் சொல்கிற வழக்கு நம்மிடமும் இருந்தது. ஆக, இரும்பின் விருப்பத்துக்குரியது எதுவோ அது அயஸ்காந்தம். தமிழுக்கு வந்து சேர்ந்தபோது சொல்லிலிருந்து இரும்பு கழன்றுவிட்டது, விருப்பம் மட்டும் தங்கிவிட்டது. யாரால் விரும்பப்படுகிறது என்பதைச் சொல்லாமலே நாம் இந்தக் கல்லை விரும்பப்படுவது என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். வயிறு காந்துகிறது என்கிறோமே, அந்தக் காந்தலுக்கும் இதற்கும் உறவில்லை. தமிழ்க் காதுதான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது.

இதே அச்சில் வார்த்த வேறு இரண்டு கற்களும் உண்டு: சூரியகாந்தம், சந்திரகாந்தம். சூரியன் பட்டால் முன்னது நெருப்பைக் கக்கும், நிலவு பட்டால் பின்னது நீரைக் கசியும் என்பது காவிய மரபு. சூரியகாந்தம் ஒருவேளை கதிரைக் குவிக்கும் படிகமாக இருக்கலாம். சந்திரகாந்தம் காவியத்துக்கு வெளியே கசிந்ததில்லை. இந்த மூன்றில் யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துச் சோதிக்கக்கூடியதாக இருந்தது அயஸ்காந்தம் ஒன்றே. ஆகவே அதன் கதை மற்ற இரண்டின் கதையிலிருந்து பிரிந்துபோகிறது.

விருப்பத்தைப் பெயராக வைத்தவர்கள் இந்தியர்கள் மட்டுமல்ல. ஹிந்தியின் சும்பக் என்ற சொல் சமஸ்கிருதச் சும்பகத்திலிருந்து வருவது. முத்தமிடுவது என்று அதற்குப் பொருள். சீனத்தில் இந்தக் கல்லின் பழைய பெயர் 'ட்ஸு ஷி'. ட்ஸு என்பது தாயின் பரிவைக் குறிக்கும் எழுத்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் 'லூ ஷி சுன் சியூ' என்ற நூல், இக்கல் இரும்பைக் கூப்பிடுகிறது என்கிறது. பின்வந்த உரைகாரர் ஒருவர் காரணமும் கண்டுபிடித்தார்: கல் இரும்புக்குத் தாய், எனவே தன் குழந்தையை அழைக்கிறது. ஒரே நிகழ்ச்சியை இங்கே ஆண் பெண் விருப்பமாகவும் அங்கே தாய்மையாகவும் பார்த்திருக்கிறார்கள். கல் ஒன்றுதான். பார்த்தவர்கள் தத்தம் வீட்டிலிருந்து உவமையை எடுத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சில் காந்தத்துக்கு 'எமான்' என்று பெயர். காதலிக்கிற என்ற பொருள் தரும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆகவே இதுவும் காந்தம் மாதிரியான சொல் என்று தோன்றும். அப்படியில்லை. அது கிரேக்க 'அதமாஸ்' என்ற சொல்லின் சிதைவு. அதமாஸ் என்றால் வெல்ல முடியாதது, அதாவது வைரம். பிரெஞ்சுக்காரன் காதில் விழும் காதல் ஒரு தற்செயல். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு', வைரம் காந்தத்தின் பகை, அருகில் வைத்தால் காந்தத்தின் சக்தி செத்துவிடும் என்று சொல்கிறது. பகைவன் என்று சொல்லப்பட்ட கல்லின் பெயரே கடைசியில் காந்தத்தின் பெயராயிற்று.

ஆங்கிலத்தின் பழைய பெயர் 'லோட்ஸ்டோன்'. 'லோட்' என்பது இங்கே வழி. வழிகாட்டும் கல். இது கடலோடிகள் வைத்த பெயர். இழுப்பதைவிடத் திசை காட்டுவதே காந்தத்தின் முக்கியமான காரியம் என்று ஆன பிறகு பிறந்த பெயர்.

2

இத்தனை பெயர்களுக்கும் நடுவில் உலகம் பூராவும் பரவியது மேக்னெட் என்ற சொல்தான். அதில் விருப்பமும் இல்லை, வழியும் இல்லை. அது வெறும் ஊர்ப்பெயர். மாக்னீசியாவிலிருந்து வருகிற கல் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

எந்த மாக்னீசியா என்பதில் பழையவர்களே ஒன்றுபடவில்லை. கிரேக்கத்தின் தெஸ்ஸாலியில் மாக்னீட்டர் என்ற இனம் வாழ்ந்த பகுதி ஒன்று. அந்த இனத்தின் பெயர் தாங்கி, ஈஜியன் கடலுக்கு அப்பால் சின்ன ஆசியாவில் இருந்த நகரங்கள் இரண்டு. அவற்றில் சிபிலஸ் மலையடிவாரத்தில் இருந்தது இன்று துருக்கியில் மனிசா என்ற பெயரோடு இருக்கிறது. லுக்ரீஷியஸ் தன் நெடுங்கவிதையின் ஆறாம் காண்டத்தில் பெயர்க் காரணமாக மாக்னீட்டரின் நாட்டைத்தான் சொல்கிறான். ஆனால் பிளினி, கவிஞன் நிக்காண்டரின் பேரில் ஒரு கதை சொல்கிறார். மாக்னஸ் என்று ஒரு மேய்ப்பன். இடா மலையில் மந்தையை மேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் செருப்பின் ஆணிகளும் கோலின் இரும்பு முனையும் தரையோடு ஒட்டிக்கொண்டன. அவன் பெயரே கல்லுக்கு ஆயிற்று. எல்லா ஊரிலும் பெயர்க் காரணக் கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. பெயர் முதலில் இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு ஆள் பின்னால் தயாரிக்கப்படுகிறான். ஆனாலும் இந்தக் கதையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. செருப்பாணி என்கிற அந்தத் தகவல் கல்லைப் பார்த்த ஒருவனிடமிருந்து வந்திருக்கிறது.

மாக்னீசியா என்ற பெயர் இந்தக் கல்லோடு நிற்கவில்லை. ரசவாதிகள் அந்தப் பெயரைக் கறுப்பாகவும் வெளுப்பாகவும் இருந்த வேறு தாதுக்களுக்கும் கொடுத்தார்கள். கறுப்பு மாக்னீசியாவிலிருந்து மாங்கனீஸ் வந்தது. வெள்ளை மாக்னீசியாவிலிருந்து மக்னீசியம். இரண்டில் எதுவும் இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. இந்தக் குடும்பத்தைப் பார்க்க நாம் கிரேக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாது. அதே சேலத்தில் வெள்ளைக்கல் குன்றுகளில் வெட்டுவது மேக்னசைட். ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். கறுப்புக் கல் காந்தத்தில் ஒட்டும், வெள்ளைக் கல் ஒட்டாது. குணத்தால் அந்நியமான இரண்டு கற்கள், ஈஜியன் கரையின் ஒரே ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு, சேலத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. பெயர் பொருளின் குணத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஊர்ப்பெயர் வறட்டுப் பெயர்தான். ஆனால் அதில் ஒரு நன்மை இருக்கிறது. கல் ஏன் இழுக்கிறது என்று தனக்குத் தெரிந்த மாதிரி அது பாவனை செய்வதில்லை. காந்தம் என்கிற அழகான பெயர் கேள்வி பிறப்பதற்கு முன்பே பதிலைக் கொடுத்துவிடுகிறது. விருப்பம் என்று சொன்ன பிறகு மேலே கேட்க என்ன இருக்கிறது?

3

இருந்தும் கேட்டார்கள். மிலேட்டஸ் நகரத்துத் தேலிஸ், இரும்பை அசைப்பதால் இக்கல்லுக்கு ஆன்மா உண்டு என்று கருதியதாக அரிஸ்டாட்டில் குறித்துவைத்திருக்கிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒன்றை அசைக்க வல்லது எதுவோ அதையே ஆன்மா என்பது என்ற வரையறையை ஒப்புக்கொண்டால், தேலிஸ் முறையாகத்தான் யோசித்திருக்கிறார்.

இந்தியாவில் கணாதரின் வைசேஷிக சூத்திரம் வேறு வழியில் போயிற்று. ஊசி காந்தமணியை நோக்கி நகர்வதற்குக் காரணம் அத்ருஷ்டம் என்றது. காணப்படாதது என்பது சொல்லின் நேர்ப்பொருள். தொட்டுத் தள்ளுவது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அசைவு நிகழ்கிறது. ஆகவே காரணம் காணப்படாதது. காதல் என்றும் தாய்மை என்றும் சொல்லாமல் இப்படிச் சொன்னதில் ஒரு நேர்மை இருக்கிறது. நாளடைவில் அத்ருஷ்டம் என்பது முன்வினையின் கண்ணுக்குத் தெரியாத பலன் என்று ஆகி, தமிழில் அதிர்ஷ்டம் என்று திரிந்து, லாட்டரிச் சீட்டில் வந்து முடிந்தது. ஊசி ஏன் நகர்கிறது என்று கேட்டவன் கையாண்ட சொல்லும் பரிசு விழுந்தவன் சொல்கிற சொல்லும் ஒன்றே.

இன்னொருவர் சுஸ்ருதர். அவருக்குக் காந்தம் தத்துவப் பிரச்னை அல்ல. அது ஒரு கருவி. உடம்பில் தைத்த அம்பு முனை முதலியவற்றை வெளியே எடுக்க அவருடைய சம்ஹிதை பதினைந்து வழிகளை வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்று அயஸ்காந்தம். எங்கே பயன்படும் என்பதற்கு நிபந்தனைகளும் தரப்படுகின்றன: முனை நேராக இருக்க வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காதுகள் போல விரிந்த கொக்கிகள் கூடாது, புண்ணின் வாய் குறுகலாக இருக்கக் கூடாது. காந்தத்தைப் பற்றிப் பழைய உலகம் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எவ்வளவு இழுக்கும் என்பதோடு எவ்வளவு இழுக்காது என்பதும் இதில் இருக்கிறது. அதே வரிசையில் இன்னொரு வழியும் வருகிறது. நெஞ்சில் தைத்த துக்கம் என்கிற முள்ளை எடுக்க மகிழ்ச்சி. இரும்பு முள்ளுக்குக் காந்தம், துக்க முள்ளுக்கு மகிழ்ச்சி. வைத்தியன் கவிதை எழுத முயலவில்லை. கருவிகளைக் கணக்கெடுத்துக்கொண்டு போனவன் இந்த உவமையை அடைந்துவிட்டான்.

காளிதாசன் 'குமாரசம்பவ'த்தில் கல்லைத் திரும்ப விருப்பத்திடம் கொண்டுவந்தான். தவத்தில் உறைந்த சிவனின் மனத்தை உமையின் அழகால் இழுங்கள், காந்தத்தால் இரும்பை இழுப்பதுபோல, என்று தேவர்களுக்குப் பிரம்மா யோசனை சொல்கிறான். இங்கே இரும்பு யார் என்று கவனிக்க வேண்டும். அசையாதவன் என்று பெயர் பெற்ற சிவன்தான் இரும்பு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதைத் தலைகீழாக்கினார். சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் உயிர்கள் இரும்பு, இறைவன் காந்தம். இரும்புக்கு அங்கே பசாசம் என்ற சொல் ஆளப்படுகிறது. ஐம்புலன்கள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாததுபோல, உயிர்கள் இறைவனால் அறிந்தும் அவனை அறிவதில்லை. காந்தத்தின் முன்னால் இரும்பு போல. இந்த உவமையில் காந்தம் எதுவும் செய்வதில்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அதன் சந்நிதியில் இரும்பு அசைகிறது. ஸாங்கியர்களும் புருஷனைப் பற்றி இதையே சொன்னார்கள். தான் அசையாமல் மற்றதை அசைப்பது எப்படி என்ற தத்துவச் சிக்கலுக்கு இந்தக் கல் கண்ணெதிரில் கிடக்கும் விடையாகத் தோன்றியது.

4

நம்மைப் போன்றவர்களை நேராகத் தொடுகிற உவமை பிளேட்டோவின் 'அயான்' என்ற உரையாடலில் வருகிறது. அயான் ஹோமரின் காவியங்களைக் கூட்டங்களில் பாடிச் சம்பாதிக்கிறவன். ஹோமரைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுவான், வேறு கவிகளைப் பற்றி என்றால் தூங்கிவிடுவான். இது ஏன் என்று சாக்ரடீஸ் அவனுக்கு விளக்குகிறார். யூரிப்பிடீஸ் மாக்னீசியக் கல் என்றும் பெரும்பாலோர் ஹெராக்ளியக் கல் என்றும் சொல்கிற கல்லைப் பார். அது இரும்பு வளையத்தை இழுப்பதோடு நிற்பதில்லை. தன் சக்தியை வளையத்துக்கும் கொடுக்கிறது. அந்த வளையம் இன்னொன்றை இழுக்கிறது. இப்படி நீளமான ஒரு சங்கிலி தொங்குகிறது. கவிதைத் தேவதை கல். கவிஞன் முதல் வளையம். பாடகன் நடு வளையம். கேட்பவன் கடைசி. எந்த வளையத்துக்கும் சொந்தச் சக்தி கிடையாது. கவிஞன் தன் நினைவில் இல்லாதபோதுதான் கவிஞன்.

யூரிப்பிடீஸின் பேரைச் சாக்ரடீஸ் இழுத்திருப்பதால், இந்தப் பெயருக்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய சாட்சிகளில் ஒருவர் ஒரு கவிஞர் என்றாகிறது. அந்தக் கவிஞரின் சொல்லைக் கையில் வாங்கிக்கொண்டே, கவிஞர்களுக்கு அறிவு கிடையாது என்று சாக்ரடீஸ் நிரூபிக்கிறார். பாராட்டு மாதிரி தொனிக்கிற இந்தப் படிமத்தின் உள்ளே இருப்பது தீர்ப்பு. பிற்காலத்தில் உந்துதல், ஆவேசம், அருள் வந்து எழுதுதல் என்று கவிஞர்களே தங்களைப் பற்றிப் பேசிக்கொண்ட பேச்சில் கணிசமான பகுதி இந்தச் சங்கிலியில் தொங்குகிறது. நம்மிடையேயும் தொங்குகிறது. அதைவிடப் பெரிய சேதம் கடைசி வளையத்துக்கு. வாசகன் வெறும் இரும்பு. இழுக்கப்படுவதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. வாசகனைக் காந்தம்போல் கட்டி இழுக்கும் எழுத்து என்று விளம்பரப்படுத்துகிற பத்திரிகைக்கும் பிளேட்டோவுக்கும் இந்த விஷயத்தில் அபிப்பிராய பேதம் இல்லை.

கவிஞன் இந்தச் சங்கிலியிலிருந்து தப்ப வேண்டுமானால் பிளேட்டோவோடு தர்க்கம் செய்து பயனில்லை. கல்லைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். வளையம் உண்மையில் வெறும் இரும்புதானா?

5

கல்லைத் திரும்பப் பார்த்தவர்கள் பலர் இருந்தாலும் இரண்டு பேரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலாமவர் பியர் த மாரிகூர், லத்தீனில் பெட்ரஸ் பெரிக்ரினஸ். 1269 ஆகஸ்ட் 8-ம் தேதி, இத்தாலியின் லூசெரா நகரை முற்றுகையிட்ட ராணுவத்தின் பாசறையிலிருந்து, தன் நண்பருக்குக் காந்தம் பற்றி ஒரு கடிதம் எழுதினார். காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் ஊசியை வைத்து, ஊசி நிற்கும் திசையைக் கோடாகப் போட்டுக்கொண்டே போனால், எல்லாக் கோடுகளும் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் கூடுகின்றன. வானத்தின் துருவங்களை மனத்தில் கொண்டு அவற்றுக்குத் துருவங்கள் என்று பெயரிட்டார். பிறகு ஒரு கல்லை இரண்டாக உடைத்தார். வடக்கு ஒரு துண்டிலும் தெற்கு ஒரு துண்டிலும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு துருவங்களும் இருந்தன. காதலன் காதலி உவமை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. பிரித்தால் தனியாகாத ஜோடி இது.

இரண்டாமவர் வில்லியம் கில்பர்ட், எலிசபெத் ராணியின் வைத்தியர். அவருடைய 'காந்தம் பற்றி' என்ற லத்தீன் நூல் 1600-ல் லண்டனில் வெளிவந்தது. பூண்டின் கதையை வைத்து அவருடைய காலத்தைப் புரிந்துகொள்ளலாம். பூண்டைத் தேய்த்தால் காந்தம் செயலற்றுப் போகும் என்று புளூட்டார்க்கும் டாலமியும் எழுதிவைத்தது பதினைந்து நூற்றாண்டுகளாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பல் பூண்டுக்கு எவ்வளவு செலவாகும்? நேப்பிள்ஸைச் சேர்ந்த டெல்லா போர்ட்டா கடைசியில் தேய்த்துப் பார்த்துவிட்டு 1589-ல் பொய் என்று எழுதினார். அதற்காகத்தான் பூண்டைத் தவிர்க்கிறீர்களா என்று அவர் மாலுமிகளைக் கேட்டபோது, உயிரை விட்டாலும் விடுவோம், வெங்காயத்தையும் பூண்டையும் விடமாட்டோம் என்றார்களாம். ஆனால் அதே டெல்லா போர்ட்டா, வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்றும் எழுதினார். கில்பர்ட் சாட்சிகளின் முன்னிலையில் எழுபத்தைந்து வைரங்களை வைத்துச் சோதித்தார். ஒன்றிலும் அது நடக்கவில்லை.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்பது கில்பர்ட்டின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. ஊசி வானத்தின் துருவத்தை நோக்கவில்லை, தன் காலடியில் இருப்பதற்குக் கட்டுப்படுகிறது. நம் தென்கோடியில் அந்த ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும்; பூமியின் காந்த மத்திய ரேகை அங்கே போகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் விடுவதற்குத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை அனுப்பியதற்கும் இதுவே காரணம்.

ஆனால் நம் விஷயத்துக்கு வேண்டியது கில்பர்ட் செய்த ஒரு சின்னச் சொல் மாற்றம். இழுத்தல் என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. இழுத்தல் என்றால் ஒருவன் பலாத்காரம் செய்கிறான், மற்றவன் உட்படுகிறான். காந்தத்திடமும் இரும்பிடமும் அவர் கண்டது அதுவல்ல. கல்லைக் கட்டிவைத்தால் இரும்பு வருகிறது. இரும்பைக் கட்டிவைத்தால் கல் வருகிறது. இரண்டையும் மிதக்க விட்டால் இரண்டும் நகர்ந்து சந்திக்கின்றன. ஆகவே 'கோயிட்டியோ', கூடிச்செல்லுதல் என்ற சொல்லை வைத்தார். மெய்கண்டாரின் அசையாத சந்நிதியும் பிளேட்டோவின் ஒருவழிச் சங்கிலியும் இந்த ஒரு சொல்லில் ஆட்டங்காண்கின்றன. இறைவனைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ அவர்கள் சொன்னது தவறு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கல் இனி அவர்களுக்குச் சாட்சி சொல்லாது.

கில்பர்ட்டும் உவமையிலிருந்து விடுபட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். பூண்டையும் வைரத்தையும் துரத்தியவர், பூமிக்கு ஆன்மா உண்டு, காந்த சக்தி அந்த ஆன்மாவைப் போன்றது என்று சொல்லித் தேலிஸிடம் திரும்பிப் போனார். பழைய உவமையை விரட்டுகிறவன் கையில் இன்னொரு உவமை எப்போதும் தயாராக இருக்கிறது.

6

இதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லலாம். 1820-ல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஆம்பியர், கல்லுக்குள்ளும் நுண்ணிய மின்னோட்டங்கள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். ஃபாரடே இரும்புத் தூளில் கோடுகளைப் பார்த்து, கல்லை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் வயல். நாம் இன்று புலம் என்கிறோம். அதற்கும் வயல் என்று ஒரு பொருள் உண்டு.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. 1911-ல் நீல்ஸ் போர் தன் ஆராய்ச்சிப் பட்ட ஏட்டிலும், 1919-ல் லெய்டனில் ஹென்ட்ரிகா வான் லியூவன் என்ற பெண்மணி தன்னுடைய ஏட்டிலும் தனித்தனியே ஒன்றை நிரூபித்தார்கள். எலெக்ட்ரான்கள் நியூட்டனின் விதிகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டவை என்றால், சமநிலையில் உள்ள எந்தப் பொருளிலும் காந்தத் தன்மை கூட்டிக் கழித்துப் பூஜ்யமாகிவிடும். அதாவது, அன்றிருந்த பௌதிகத்தின்படி காந்தம் என்ற ஒன்று இருக்கவே முடியாது. கணாதரின் அத்ருஷ்டம் திரும்பவும் வந்து வாசலில் நின்றது.

1925-ல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் எலெக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதினார்கள். அப்படிச் சுற்றினால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டியிருக்கும் என்று கிழவர் லோரன்ஸ் காட்டினார். இளைஞர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற ஓடினார்கள். அவர்களுடைய ஆசிரியர் எரன்ஃபெஸ்ட் அதை முன்பே அனுப்பிவிட்டிருந்தார். லோரன்ஸ் சொன்னது சரி: எலெக்ட்ரான் பம்பரம் மாதிரி சுற்றவில்லை. இளைஞர்கள் சொன்னதும் சரி: சுற்றினால் இருக்க வேண்டிய காந்தம் அதனிடம் இருக்கிறது. சுழற்சி என்ற சொல் இன்றுவரை நீடிக்கிறது. சுழலாத ஒன்றைச் சுழற்சி என்று சொல்கிறோம் என்பது அதைச் சொல்கிறவர்கள் அனைவருக்கும் தெரியும். உவமையைக் கையாள இப்படியும் ஒரு வழி இருக்கிறது. அது எங்கே பொய் என்று தெரிந்துகொண்டே அதை வைத்திருப்பது.

எலெக்ட்ரான்கள் தனித்தனியே காந்தமாக இருந்தால் போதாது. இரும்பில் அவை ஏன் ஒரே முகமாக நிற்கின்றன? 1928-ல் ஹைசன்பர்க் விடை சொன்னார். ஒரே சுழற்சி கொண்ட இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது விதி. ஆகவே அவை ஒன்றையொன்று விலகியே இருக்கின்றன. விலகி இருப்பதால் அவற்றின் மின்சார மோதல் குறைகிறது. இரும்பில் ஒரே முகமாக நிற்பது அவற்றுக்குச் சிக்கனம். விருப்பம் என்றும் முத்தம் என்றும் தாய்ப்பரிவு என்றும் பெயரிட்ட செயலின் அடியில் இருப்பது ஒன்றை ஒன்று தவிர்ப்பது. மாக்னீசியக் கல்லில் நிலைமை இன்னும் விசித்திரம். அது இரும்பைப் போலக்கூட இல்லை. அதனுள் இரண்டு அணிகள் எதிரெதிர் முகமாக நிற்கின்றன. ஒன்று மற்றதைவிடக் கனமானது. அந்த மிச்சம்தான் வெளியே தெரியும் காந்தம். இதை 1948-ல் விளக்கியவர் லூயி நீல். உள்ளுக்குள் பெரும்பகுதி தன்னைத்தானே மறுத்துக்கொண்டிருக்கும் கல் அது.

7

இப்போது வளையத்துக்குத் திரும்பலாம். பியர் வெய்ஸ் 1907-ல் ஓர் ஊகத்தை முன்வைத்தார். பின்னால் அது கண்ணாலேயே காணக் கிடைத்தது. சாதாரண இரும்புத் துண்டு காந்தமற்ற இரும்பு அல்ல. அதனுள் சின்னச் சின்னப் பிரதேசங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முழுமையான காந்தம். ஒன்று கிழக்கே பார்க்கிறது, மற்றது மேற்கே பார்க்கிறது. ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. காந்தக் கல் அருகில் வரும்போது, அதன் திசைக்கு இசைந்த பிரதேசங்கள் வளர்கின்றன, இசையாதவை சுருங்குகின்றன. கல் இரும்புக்கு எதையும் கொடுப்பதில்லை. அதில் ஏற்கனவே இருந்ததற்கு ஒரு முகம் கிடைக்கிறது.

கல்லை எடுத்த பிறகு என்ன ஆகும் என்பது இரும்பைப் பொறுத்தது. மென்மையான இரும்பு உடனே பழைய கலைசலுக்குத் திரும்பிவிடும். வளையச் சங்கிலி பொலபொலவென்று உதிரும். எஃகு எளிதில் திரும்பாது. திரும்பினால் எளிதில் மறக்காது. 770 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றினால் இரும்பு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

கடைசி வளையமான வாசகனை இந்த இரும்பாகக் கொண்டு யோசித்தால் பிளேட்டோவின் படிமம் வேறொன்றாகிவிடுகிறது. கவிதை அவனுக்குள் ஒரு சக்தியைச் செலுத்துவதில்லை. அவனுக்குள் திசைக்கொன்றாக நின்று ஒன்றையொன்று ரத்துசெய்துகொண்டிருந்தவை ஒரு முகமாகின்றன. கவிதையும் அவனை நோக்கி நகர்கிறது. இழுக்க இழுக்க வந்துவிட்டு, புத்தகத்தை மூடியதும் உதிர்ந்துவிடுகிற வாசகன் ஒருவன். அசைக்கக் கடினமானவனாக, அசைந்த பின் நாட்கணக்கில் அப்படியே நிற்பவனாக ஒருவன். இவர்களில் யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி, பிளேட்டோவின் வளையத்தில் கேட்க முடியாதது. இது என் உவமை. இதுவும் எங்காவது பொய்க்கும். எங்கே என்பதைக் கல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காந்தக் குரல் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். காந்தத்துக்கு நிஜமாகவே ஒரு குரல் உண்டு. 1919-ல் ஜெர்மானியரான பார்க்ஹௌசன் அதைக் கேட்டார். ஓர் இரும்புத் துண்டைச் சுற்றிக் கம்பிச் சுருளைச் சுற்றி, அதை ஒலிபெருக்கியோடு இணைத்து, காந்தத்தை மெல்ல அருகே கொண்டுவந்தால், அந்தப் பிரதேசங்கள் இடம் மாறுவது காதில் விழும். அது இனிமையாக இருக்காது. முரடான ஒரு பொரிச் சத்தம்; அடுப்பில் ஈர விறகு வெடிக்கிற மாதிரி.